ஆறு அங்குலத் திரையும் பழைய தமிழ்ப் புத்தகமும்

தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆகும் மாதத்தில் மும்பைத் தமிழர் குடும்பங்களில் பெரிய யோசனைகள் நடக்கின்றன. ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகை, பள்ளிக்கூடச் சம்பளம், பழைய கடன் இவையெல்லாம் போக மிஞ்சுவதில் குடும்பத் தலைவர் தமக்கென்று ஆசைப்பட்டு வாங்கும் பொருள் ஒன்றோ இரண்டோதான். புத்தகப் பைத்தியம் பிடித்த குமாஸ்தாவாக இருந்தால், அண்மைக் காலமாக அது மின்நூல் கருவியாக இருக்கிறது. கையடக்கமான பலகை, ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளே அடங்கும் என்று விளம்பரம் சொல்கிறது. தள்ளுபடி விலை, மாதத் தவணை. வாங்கிவிடுகிறார்.

வாங்கிய வாரமே ஏமாற்றம் தொடங்கிவிடுகிறது. கருவியில் பழுது இல்லை. விளம்பரமும் பொய் சொல்லவில்லை. அவர் படிக்க விரும்பிய புத்தகங்கள் வேறு வகை. அவர் வாங்கிய கருவி வேறு வகைக்காகச் செய்யப்பட்டது. இந்த வேறுபாட்டைக் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

வெளிமாநிலத் தமிழருக்கு இந்தக் கருவியின் மேல் ஆசை ஏற்படுவதில் வியப்பில்லை. தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் ஒரே அறையில் குடும்பம் நடத்துகிறவர் புத்தக அலமாரிக்கு எங்கே போவார்? வங்கியிலும் ரயில்வேயிலும் வேலை பார்ப்பவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால், முதலில் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போவது தமிழ்ப் புத்தகங்கள்தான். ஊரில் தாத்தா காலத்திலிருந்து பரணில் கிடந்தவை கறையானுக்கு இரையாகிவிட்டன. அப்படிப் போன புத்தகங்கள் இப்போது திரும்பக் கிடைக்கின்றன என்றால் மனம் துள்ளாதா?

உண்மையிலேயே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாக வைக்கப்பட்டுள்ளன. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்கப் பொது நூலகத்திலும் தமிழ் நூல்கள் ஏராளம். இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு நூலகம் என்ற பெயரிலேயே ஒரு திட்டம் நடந்து வருகிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த அச்சுப் புத்தகங்கள்தான் அதன் அடிப்படை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை எவரும் தடையின்றிப் படிக்கலாம், பரப்பலாம். நாட்டுடைமை ஆகாவிட்டாலும், ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்துவிட்டால் இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை தீர்ந்துவிடுகிறது. ஆகவே பென்-டிரைவில் "பத்தாயிரம் தமிழ் நூல்கள்" என்று கூவி விற்பவரிடம், இன்று உயிருடன் எழுதிக்கொண்டிருப்பவர்களின் நூல்களைத் திருட்டுத்தனமாக வாங்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

இப்படி இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி எழுத்துகள் அல்ல, படங்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மதுரைத் திட்டம் 1998-ல் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தே இணையத்தில் ஏற்றி வருகிறது. அத்தகைய நூலில் உள்ளவை எழுத்துகள். திரை சிறியதானாலும் பெரியதானாலும் வரிகள் அதற்கேற்ப மடிந்துகொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு நான்கு சொல் என்பது மூன்று சொல்லாகும், அவ்வளவுதான். கிண்டில் கருவியில் 2016 டிசம்பர் முதல் விற்கப்படும் தமிழ் மின்நூல்களும் இவ்வகையே. இவற்றுக்கு ஆறு அங்குலத் திரை தாராளமாகப் போதும்.

ஸ்கேன் செய்த நூல் அப்படியன்று. ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். புகைப்படத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மடியா. பக்கம் திரைக்கு வெளியே வழிந்து போகும். வரியின் முதல் பாதியைப் படித்து, விரலால் இழுத்து, மறு பாதியைப் படித்து, மீண்டும் இழுத்து அடுத்த வரிக்கு வர வேண்டும். மைத்திரையில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கணம் காத்திருக்கவும் வேண்டும். இவ்வாறு ஒரு நாவலைப் படித்து முடிக்கும் பொறுமை முனிவர்களுக்கு இருக்கலாம். எட்டு மணி நேரம் லெட்ஜர் பார்த்துவிட்டு வருபவருக்கு இருக்காது.

ஆகவே அங்குலக் கணக்கு முக்கியமாகிறது. கடைக்காரர் சொல்லும் அங்குலம் திரையின் மூலைக்கு மூலை அளவு. ஆறு அங்குலத் திரையை அடிக்கோல் வைத்து அளந்தால் அகலம் 9 சென்டிமீட்டர், உயரம் 12 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். பழைய தமிழ் நாவல்களில் பெரும்பாலானவை கிரவுன் அளவில் அச்சானவை: ஏறக்குறைய 12.5-க்கு 18 சென்டிமீட்டர். அந்தப் பக்கத்தை முழுதாக ஆறு அங்குலத்தில் அடைத்தால், எழுத்து மூலத்தின் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். ஆராய்ச்சி நூல்களுக்கும் உரை நூல்களுக்கும் வழக்கமான டெம்மி அளவு 14-க்கு 21.5 சென்டிமீட்டர். அது பாதியைவிடச் சற்று அதிகம் என்ற அளவுக்குக் குறுகும். அடிக்குறிப்புகளை அதில் படிக்க முயல்வது கண் மருத்துவருக்கு வருமானம் தேடித் தருவதாகும்.

ஆங்கிலப் புத்தகம் இவ்வாறு சுருங்கினாலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. மெய்யெழுத்தின் மேல் நிற்பது ஒரு புள்ளி. அது மறைந்தால் பல் என்பது பல ஆகிவிடும். ன-வுக்கும் ண-வுக்கும் இடையே ஒரு சுழிதான் வித்தியாசம். சிறிய படத்தில் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. கால் எழுத்துக்கும் ர-வுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் நுட்பமானது. மட்டமான காகிதத்தில், தேய்ந்த ஈய எழுத்தில் அச்சான நூல்களில் இவை முன்பே பாதி மங்கியிருக்கும்.

படத்தை எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றன, ஆண்டுதோறும் தேறியும் வருகின்றன. ஆயினும் தமிழ்நாடு அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் வேறு உருவத்தில் இருக்கும். அவற்றையும் கறைபடிந்த தாளையும் சேர்த்துப் பார்க்கும்போது மென்பொருள் தடுமாறுகிறது. பக்கத்துக்குப் பத்துப் பிழையுடன் கதை படிப்பதைவிட, மூலப் பக்கத்தின் படத்தையே பார்ப்பது மேல். செய்யுள் நூலாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

எனவே வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதற்குக் காசு செலவில்லை. பழைய செய்தித்தாள் ஒன்றில் 9-க்கு 12 சென்டிமீட்டர் அளவில் ஒரு சன்னல் வெட்டி, தாம் படிக்க விரும்பும் வகைப் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சன்னலுக்குள் எத்தனை சொற்கள் தெரிகின்றன, எத்தனை வெளியே நிற்கின்றன என்பது அப்போதே விளங்கிவிடும். 7.8 அங்குலக் கருவிக்குச் சன்னல் 12-க்கு 16, 10.3 அங்குலக் கருவிக்கு 15.7-க்கு 21. மூன்று சன்னல்களையும் வெட்டிப் பார்ப்பவர் பிறகு எந்த விளம்பரத்துக்கும் மயங்கமாட்டார்.

அவர் காணப்போவது இதுதான். கிரவுன் புத்தகத்தின் ஓரத்து வெற்றிடத்தை நீக்கிவிட்டால் அச்சுப் பகுதி சுமார் 10-க்கு 15 சென்டிமீட்டர். அது 7.8 அங்குலத் திரையில் மூல அளவிலேயே உட்கார்ந்துவிடும். கிண்டில் பேப்பர்வொயிட் 2024 முதல் 7 அங்குலத் திரையுடன் வருகிறது. அதிலும் கொஞ்சமே சுருங்கும். டெம்மி நூல்களுக்கும் இதழ்களுக்கும் 10.3 அங்குலமே சரி. ஆக, கதை நாவல் படிப்பவருக்கு ஏழிலிருந்து எட்டு அங்குலம், ஆராய்ச்சியும் உரையும் படிப்பவருக்குப் பத்து அங்குலம் என்று பிரித்துக்கொள்வதே நியாயம். பத்து அங்குல மைத்திரைக் கருவியின் விலை சிறியதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி சேரும். பழுதானால் அனுப்பிப் பழுது பார்க்கும் தொல்லை தனி.

ஓரத்தை நீக்குவது என்று மேலே கூறியது சின்ன விஷயம் போலத் தோன்றினாலும், கருவியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி அதுவே. சில கருவிகளில் வெற்று ஓரங்களைத் தானே வெட்டிக் காட்டும் வசதி உள்ளது; ஒரு தடவை சொல்லிவிட்டால் புத்தகம் முழுவதற்கும் அப்படியே நிற்கும். ஓனிக்ஸ் பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு வகைக் கருவிகளில் இது உண்டு. கோபோ, பாக்கெட்புக் போன்றவற்றில் கோரீடர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால் இன்னும் நுட்பமாகச் செய்யலாம். டி.ஜே.வி.யூ. என்ற வகைக் கோப்பையும் இவை திறக்கும், கிண்டில் திறக்காது. கிண்டில் வைத்திருப்பவர் அலுவலகக் கம்ப்யூட்டரிலோ பையனின் லேப்டாப்பிலோ பிரிஸ் என்ற இலவச மென்பொருளால் முன்கூட்டியே ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். கே-டூ-பி.டி.எஃப்-ஆப்ட் என்று மற்றொன்று உள்ளது. அது பக்கப் படத்தைச் சொல் சொல்லாக நறுக்கி, சிறிய திரைக்கேற்ப மறுபடி அடுக்கித் தரும். மொழி தெரியாமலே வெறும் இடைவெளியைப் பார்த்து வெட்டுவதால் தமிழுக்கும் பயன்படும். உரைநடையில் நன்றாக வரும். செய்யுளின் அடிகளைக் குலைத்துவிடும்.

ஏற்கெனவே ஆறு அங்குலம் வாங்கிவிட்டவர் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கருவியைப் படுக்கை வாட்டில் திருப்பினால் அகலம் 12 சென்டிமீட்டராகிறது. கிரவுன் நூலின் வரி முழுதும் மூல அளவில் அதில் அடங்கும். ஒரு பக்கத்தை இரண்டு தவணையாகப் படிக்க வேண்டும், அவ்வளவே. பக்கவாட்டில் இழுக்க வேண்டிய தொல்லை இல்லை.

ஆனால் பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022-க்கு முன் வந்த மலிவு விலைக் கிண்டில்களில் அங்குலத்துக்கு 167 பிக்சல்கள்தான். 2022 முதல் 300. திரை அளவு இரண்டிலும் ஒன்றே. ஸ்கேன் நூலின் புள்ளியும் சுழியும் 167-ல் பிழைப்பது அரிது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கினால் பாதி எழுத்துதான் தெரியும்.

பழுப்பேறிய தாள் மற்றொரு தொல்லை. வண்ணத்தில் ஸ்கேன் செய்த மஞ்சள் பக்கம், பதினாறு சாம்பல் படிகளே உள்ள மைத்திரையில் அழுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. எழுத்தும் தாளும் கலந்துவிடுகின்றன. எழுத்தைக் கறுப்பாக்கித் தாளை வெளுப்பாக்கும் வசதி கருவியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். கோப்பின் கனத்தையும் யோசிக்க வேண்டும். தட்டச்சு செய்த நூல் ஒன்றிரண்டு எம்.பி.-க்குள் அடங்கிவிடும், ஸ்கேன் நூல் 50 எம்.பி., 100 எம்.பி. என்று போகிறது. வேகம் குறைந்த கருவி ஒவ்வொரு பக்கத்தையும் திறக்க முனகும். கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதற்கு 50 எம்.பி. வரம்பு இருப்பதால், கம்பி போட்டு ஏற்றுவதே சுலபம்.

வண்ண மைத்திரை என்று இப்போது புதிதாக விற்கிறார்கள். பழைய தமிழ் நூல் படிப்பவருக்கு அது வேண்டாத செலவு. திரைமேல் படியும் வண்ண வடிகட்டி தாளை இன்னும் கறுப்பாக்குகிறது. நூலோ கறுப்பு வெள்ளை.

இவ்வளவும் எதற்கு, கையில் கைப்பேசி இருக்கிறதே என்பது பலரின் வாதம். கைப்பேசியின் திரை அகலம் 7 சென்டிமீட்டர். அங்குச் செய்தி படிக்கலாம், ஸ்கேன் நூல் படிப்பது வருத்தம். ஆனால் டேப்லெட் பற்றிய வாதம் அப்படித் தள்ளத்தக்கதன்று. பத்து அங்குல டேப்லெட், பத்து அங்குல மைத்திரைக் கருவியைவிடப் பெரும்பாலும் மலிவு. ஸ்கேன் பக்கம் சட்டென்று திறக்கும், வண்ணம் உள்ளபடி தெரியும், விரல் இழுப்புக்கு உடனே அசையும். பிள்ளைகளின் பாடத்துக்கும் உதவும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு அரை மணி நேரம் படிப்பவருக்கு அதுவே போதும் என்பதை மைத்திரைப் பக்தர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மைத்திரையின் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம் மாறி நிற்பதால் உண்டாவது அந்த எழுத்து. திரை தானே ஒளி விடுவதில்லை. பகல் முழுவதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த கண்ணுக்கு அது இதம் என்று பயன்படுத்துவோர் பலர் கூறுகின்றனர். வெயிலிலும் தெரியும். மின்சாரம் வாரக்கணக்கில் நிற்கும். அதில் வாட்ஸ்-அப் சத்தம் போடாது என்பதும் சிறிய நன்மை அல்ல. இரவில் மனைவி மக்கள் உறங்கும் ஒற்றை அறையில் விளக்கைப் போட முடியாதவருக்கு முன்விளக்கு உள்ள கருவி பெரும் சௌகரியம். மங்கலாக வைத்துக்கொண்டு யாருக்கும் இடைஞ்சல் இன்றிப் படிக்கலாம்.

எங்கே உட்கார்ந்து, அல்லது நின்று, படிக்கப்போகிறோம் என்பதையும் வாங்குபவர் கேட்டுக்கொள்வது நல்லது. விரார் லோக்கலில் காலை எட்டரை மணிக்கு ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குபவர், மறு கையில் நானூறு கிராம் எடையுள்ள பத்து அங்குலப் பலகையைப் பிடித்துக் கம்பராமாயண உரை படிப்பார் என்று நினைப்பது கற்பனை. அவருக்கு இருநூறு கிராம் சிறிய கருவியும், அதில் தட்டச்சு செய்த நூல்களுமே பொருத்தம். தோம்பிவிலியில் வண்டி புறப்படும்போதே இடம் பிடித்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் வருபவர் கதை வேறு. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர் கதை முற்றிலும் வேறு. பெரிய திரை உண்மையில் அவருக்கே உரியது. அவரிடம்தான் நேரமும் இருக்கிறது, பழைய நூல்களைப் பற்றிய ஞாபகமும் இருக்கிறது. வாங்கும் சக்தி மட்டும் ஓய்வூதியத்தோடு சுருங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பு வருகிறது. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் சங்கங்களுக்குச் சொந்தக் கட்டடங்கள் உள்ளன; நூலகங்களும் உள்ளன. அந்த நூலகங்களுக்கு ஆண்டுதோறும் புதுப் புத்தகம் வாங்க இடமும் பணமும் போதவில்லை என்ற குறை நெடுங்காலமாகக் கேட்கிறது. இரண்டு பெரிய மைத்திரைக் கருவிகளை வாங்கி, மின்நூலகங்களில் உள்ள இலவச நூல்களை ஏற்றி, வாசகசாலை மேஜையில் வைத்தால் என்ன? நூலக அட்டை உள்ள உறுப்பினருக்கு முன்பணம் பெற்றுக்கொண்டு பதினைந்து நாள் வீட்டுக்குக் கொடுத்தால் என்ன? பத்துப் பேர் தனித்தனியே சின்னக் கருவியைத் தவணையில் வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதற்கு ஆகும் பணத்தில், சங்கம் நான்கு பெரிய கருவிகளை வாங்கிவிடலாம்.

கருவி உடைந்துவிடும், தொலைந்துவிடும் என்று நிர்வாகிகள் தயங்குவது இயற்கையே. புத்தகமும் தொலைகிறது, தொலைந்த புத்தகம் அச்சில் இல்லாவிட்டால் திரும்பக் கிடைப்பதில்லை. கருவி தொலைந்தால் பண நஷ்டம் உண்டு, உள்ளே இருந்த நூல்களுக்கு நஷ்டமில்லை. அரை நாளில் வேறொன்றில் ஏற்றிவிடலாம்.

முதற்படியாக இதையாவது செய்யலாம். போனஸ் மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆறு அங்குலம், எட்டு அங்குலம், பத்து அங்குலம் மூன்று கருவிகளையும், ஒரு டேப்லெட்டையும் உறுப்பினர்களிடமே இரவல் பெற்று மேஜையில் வைக்க வேண்டும். ஒரே பழைய நாவலின் ஒரே பக்கத்தை நான்கிலும் திறந்து வைத்து, வருபவர் தம் மூக்குக் கண்ணாடியோடு குனிந்து பார்த்துக்கொள்ளட்டும். தம் பென்-டிரைவில் உள்ள நூலைப் போட்டுப் பார்க்க விரும்புபவருக்கு அதையும் போட்டுக் காட்டலாம். கணினி தெரிந்த இளைஞர் இருவர் போதும். ஓரம் வெட்டுவது எப்படி என்று அவர்கள் அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம். பட்டிமன்றப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு இடம் காணும் வரவு செலவுத் திட்டத்தில், அன்று மாலை காப்பிக்கும் நான்கு மேஜைகளுக்கும் இடம் இல்லாமல் போகாது.